சிறு குழு என்பது தலைக்கணக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மைக் காலமாக வெளிவரும் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் 'சிறு குழு', '16 பேர் மட்டுமே', 'தமிழ் பேசும் டூர் மேனேஜர்', 'தென்னிந்தியச் சைவ உணவு' ஆகிய நான்கும் தவறாமல் இடம்பெறுகின்றன. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, கை கால் நன்றாக இருக்கும்போதே அங்கோர் வாட் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணும் பெரியவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. அத்தகைய குழு ஒன்றில் கம்போடியா சென்று வந்தவள் என்பதால் அவர்களுள் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதைப் பிற வாசகர்களும் அறிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், சிறு குழு என்ற ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. 40 பேர் ஒரே பேருந்தில் செல்லும்போது ஒவ்வொரு இடத்திலும் இறங்குவதற்கும், கழிப்பறைக்குச் சென்று வருவதற்கும், தலை எண்ணி மீண்டும் ஏற்றுவதற்குமே பார்வை நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. 12 பேர், 15 பேர் என்றால் வழிகாட்டி பேசுவது எல்லோர் காதிலும் விழும். ஒருவருக்கு முழங்கால் வலி வந்தாலும் மற்றவர்கள் பொறுத்திருக்க முடியும். ஆனால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இந்த எண்ணிக்கை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். எங்கள் பயணத்தின் இரண்டாம் நாள் மாலையில், அதே நிறுவனத்தின் வேறொரு குழு, அங்கோர் வாட் அருகே நாங்கள் தங்கியிருந்த சியெம் ரீப் நகருக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் எங்கள் வேன் நின்ற இடத்தில் பெரிய பேருந்து நின்றது. கேட்டபோது, 'குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வேறு குழுவுடன் இணைக்கப்படும்' என்ற வரியை நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் காட்டினார்கள். அந்த வரி இருந்தது உண்மை. விளம்பரத்தில் அது இல்லை என்பதும் உண்மை. குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதையும், எந்தச் சூழ்நிலையிலும் அது மீறப்படாது என்பதையும், மீறப்பட்டால் எவ்வளவு தொகை திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்தில் தர மறுக்கும் நிறுவனம் 'சிறு குழு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கைக்கு அடுத்து, ஏன் அதைவிடவும் முக்கியமாக, கேட்க வேண்டியது நேரம். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சியெம் ரீப்பிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் பந்தேய் ஸ்ரெய் என்ற சிவன் கோயில் இருக்கிறது. கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட, செந்நிற மணற்கல்லால் ஆன சிறிய கோயில் அது. அதன் வாயில் முகப்பு ஒன்றில் பல கைகளோடு ஆடும் சிவபெருமானும், அவர் திருவடியருகே ஓர் ஓரமாக விலா எலும்பு தெரிய, மார்பு வற்றி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணும் செதுக்கப்பட்டுள்ளனர். அந்தப் பெண் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். திருவாலங்காட்டில் ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் இருந்து பாடியவராக நாம் அறிந்த, எங்கள் ஊரில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா கொண்டாடப்படுகிற அதே அம்மையார், கடல் கடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல்லில் அமர்ந்திருக்கிறார். உருவம் சிறியது, உயரத்தில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் விரல் நீட்டிக் காட்டினால் ஒழியக் கண்ணில் படாது. தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அவ்வளவு செலவு செய்து செல்பவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் நடப்பது அதுதான். பல நிறுவனங்களின் பயணத் திட்டத்தில் அந்தக் கோயிலே இல்லை; இருந்தாலும் ஒதுக்கப்படும் நேரம் வாயிலில் குழுப்படம் எடுக்கவே சரியாக இருக்கிறது.

அங்கோர் வாட்டிலும் இதே நிலைதான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய அந்தக் கோயிலின் சுற்றுச் சுவர்களில் குருச்சேத்திரப் போரும், இலங்கைப் போரும், சொர்க்க நரகக் காட்சிகளும் நீண்ட வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்குச் சுவரில் உள்ள பாற்கடல் கடையும் காட்சி மட்டுமே ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். ஒருபுறம் 92 அசுரர்களும் மறுபுறம் 88 தேவர்களும் வாசுகியைப் பற்றி இழுக்க, நடுவில் ஆமையின் மேல் திருமால் நிற்கிறார். அந்தச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்க விரும்புகிறவர், 'அங்கோர் வாட், 2 மணி நேரம்' என்று எழுதிய திட்டத்தை ஏற்கவே கூடாது. மேற்கு வாயிலிலிருந்து அகழியைக் கடந்து கோயிலின் உட்பகுதிக்குச் சென்று திரும்பும் நடைக்கே அதில் கணிசமான நேரம் கழிந்துவிடும். உச்சித் தளத்துக்குச் செல்லும் படிக்கட்டு மிகவும் செங்குத்தானது. ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே மேலே விடுவார்கள் என்பதால் வரிசையில் நிற்க நேரும். தோளும் முழங்காலும் மறையாத உடையில் வந்தால் அனுமதி இல்லை. பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளம் மூடப்பட்டிருக்கும். நம் பயண நாள் அத்தகைய நாளில் விழுகிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பயணத் திட்டம் எவ்வளவு அவசரமானது என்பதை நுழைவுச் சீட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அங்கோர் தொல்லியல் பகுதிக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர் என 2017 முதல் வசூலிக்கிறார்கள். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விருப்பமான மூன்று நாட்களில் பயன்படுத்திக்கொள்ளலாம். சீட்டில் நம் படம் அச்சாகியிருக்கும், மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று எழுதியிருந்தால், எத்தனை நாள் சீட்டு என்று கேளுங்கள். ஒரு நாள் சீட்டு என்று பதில் வந்தால், அங்கோர் வாட், பேயோன் கோயிலின் கோபுர முகங்கள், மரவேர்கள் கவிந்த தா புரோம் கோயில் ஆகிய மூன்றையும் ஒரே பகலில் ஓடிப் பார்க்கப் போகிறீர்கள், பந்தேய் ஸ்ரெய் அநேகமாகத் திட்டத்தில் இல்லை என்று பொருள். நபருக்கு 25 டாலர் மிச்சம் பிடிப்பதற்காக, இலட்சக்கணக்கில் செலவழித்த பயணத்தின் பயனையே குறைத்துவிடுகிறார்கள்.

டூர் மேனேஜர் வேறு, வழிகாட்டி வேறு என்பதையும் பலர் அறிவதில்லை. நம்முடன் சென்னையிலிருந்து வருபவர் விமானம், அறை, உணவு ஆகியவற்றைக் கவனிப்பார். கோயிலுக்குள் விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்நாட்டு அரசின் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி. அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். டூர் மேனேஜர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்குப் பொருள் தெரிந்திருந்தால் நமக்கு நல்லது. தெரியாதபோது என்ன ஆகிறது என்பதையும் கண்டேன். அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னர் கட்டினார் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றிவரும் செய்தியைச் சில நிறுவனங்கள் விளம்பரத்திலேயே அச்சிடுகின்றன. கம்போடியாவின் கெமர் இன மன்னர் எழுப்பிய கோயிலில், கெமர் வழிகாட்டியின் எதிரிலேயே அதைச் சொல்வது அந்த மக்களின் உழைப்பை மறுப்பதாகும். கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து கிளைத்தது. அம்மையாரின் உருவம் அங்கே சென்று சேர்ந்திருக்கிறது. தா புரோமைச் சீரமைக்கும் பணியில் இந்தியத் தொல்லியல் துறை பங்கேற்றுள்ளது. உண்மையான உறவுகள் இவ்வளவு இருக்கும்போது பொய்யுரைக்கு என்ன தேவை? நல்ல வழிகாட்டிக்கு நேரம் கொடுத்தால் இவற்றையெல்லாம் அவரே மகிழ்ச்சியோடு காட்டுவார்.

பண விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் வரும் தொகை இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதற்கானது. கணவரையோ மனைவியையோ இழந்து தனியாகச் செல்பவர்கள் தனி அறைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அது சிறு தொகை அல்ல. ஜிஎஸ்டியும் மூலத்தில் வசூலிக்கும் வரியும் (டிசிஎஸ்) சேர்த்த முழுத் தொகையையே கேட்டு வாங்குங்கள். பிந்தையதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ள முடியும் என்பதால், பான் எண் கொடுத்து உரிய சான்றிதழையும் பெற வேண்டும். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தரும் டிப்ஸ் பெரும்பாலும் தனிக் கணக்கு. கம்போடியாவில் டாலர் தாராளமாகச் செல்லும். ஆனால் ஓரம் கிழிந்த தாளைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. 'முதல் நாள்: வருகை, நகர் உலா' என்று எழுதியிருந்தால் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

தாய்லாந்தையும் கம்போடியாவையும் சாலை வழியாக இணைக்கும் திட்டங்கள் முன்பு அதிகம் விற்கப்பட்டன. 2025இல் இரு நாடுகளின் எல்லைக் கடவுகள் மூடப்பட்டு, ஜூலையில் மோதலும் வெடித்தது. இத்தகைய நேரத்தில் பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பகுதியைப் படிக்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் போர்ச் சூழலுக்குப் பாதுகாப்பு இல்லை. சொன்னது கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 இலட்சத்துக்கு மிகாத வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை. விளம்பரத் தாள், பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைப் பயணம் முடிந்த பின்னும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பயணிகளாகிய நமக்கும் கடமை உண்டு. சூரிய உதயம் காண விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால், சிறு குழுவில் ஒருவர் தாமதித்தாலும் எல்லோருக்கும் அந்தக் காட்சி கைநழுவிப் போகும். இதய நோய், மூட்டுவலி போன்றவற்றை மறைத்துவிட்டு வருவதும் உடன் வருபவர்களுக்குச் செய்யும் அநீதியே. கூடுமானவரை நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறை என்று ஏப்ரலில் சென்றால், அந்த வெயிலில் கல் தளத்தில் நடப்பது பெரியவர்களால் இயலாது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது, குழுவின் அதிகபட்ச எண்ணிக்கை, முக்கிய இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒதுக்கப்படும் நேரம், ஒரு நாளில் நடக்க வேண்டிய தூரம், வரிகள் உட்பட்ட முழுக் கட்டணம் ஆகிய நான்கையும் விளம்பரத்திலேயே படிக்கத்தக்க எழுத்தில் அச்சிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரும் நவம்பர் பயணங்களுக்கு முன்பணம் வசூலிப்பது தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்தால், முதல் முறையாகக் கடவுச்சீட்டு எடுத்துக் காத்திருக்கும் பலருக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்கால்.