ஈப்போ பஸ்ஸில் பார்த்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். சுங்கை சிப்புட்டிலிருந்து தெரப்பிக்குப் போகும் வழியில் என் மகனின் வலது கையைக் கவனித்தீர்களே, கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக்கிக்கொண்டிருப்பான், அவன்தான். மூளை முடக்குவாதம் என்றதும் நீங்கள் உச்சுக்கொட்டவில்லை. அதற்கே முதல் நன்றி.

மூளையில் பட்ட காயம் வளராது, ஆனால் சும்மா விட்டால் தசை இறுகிப்போகும் என்றீர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, முடங்கிய கையால் விளையாட வைக்கும் பயிற்சியைச் சொன்னீர்கள். தெரப்பிஸ்ட்டைக் கேட்காமல் செய்யாதே என்றும் கண்டிப்பாகச் சொன்னீர்கள். கேட்டோம், அவரே நேரம் குறித்துக் கொடுத்தார்.

பழைய காலுறையில் உறை தைத்தேன். முதல் வாரம் முழுக்க அழுகை. தோட்டத்தில் வேலை முடித்து வரும் அவன் அப்பா, பார்க்கப் பொறுக்காமல் வாசலுக்குப் போய்விடுவார்.

நேற்றுக் காலை பசியாறும்போது தோசையைச் சோற்றுக்கையாலேயே பிய்த்தான். பாதி மடியில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. கொஞ்ச நேரம் வீட்டில் யாராலும் பேச முடியவில்லை.

செவ்வாய்தோறும் அதே பஸ்ஸில்தான் வருகிறோம், அக்கா. பக்கத்து இடத்தில் உங்களுக்காகப் பையை வைத்திருக்கிறான்.