பொதிகை என்ற பெயரைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூர்தர்ஷன் செய்தி அலைவரிசையின் இலச்சினை சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது பற்றி உங்கள் நாளிதழில் செய்திகளும் கடிதங்களும் வந்தன. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி மாற்றினார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார் கண்டித்தார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த கௌரவ் திவிவேதி, அது காவி இல்லை, ஆரஞ்சு என்று விளக்கம் சொன்னார். அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினும் கண்டித்து எழுதினார். அதில் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு இருந்த 'பொதிகை' என்ற பெயரை எடுத்ததையும் ஒரு வரியில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நிறத்தைப் பற்றித் தலைவர்கள் பேசிவிட்டார்கள். பெயர் போனபோது பார்க்கிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கு அது தெரியும்.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கேபிள் டிவி நடத்துகிறேன். மாதம் பிறந்தால் சந்தா வாங்க வீடு வீடாகப் போகிறவன். இளைஞர்கள் இருக்கும் வீட்டில் போனிலேயே பணம் போட்டுவிடுகிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நேரில்தான் போக வேண்டும். போனால் பணத்தோடு விட மாட்டார்கள். ரிமோட்டைக் கையில் கொடுத்து, அந்தச் சேனல் எங்கே, இது ஏன் கட்டமாக உடைகிறது, சத்தம் ஏன் ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். டிவியைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல தொழில் கிடையாது.

2024 ஜனவரி 19-ஆம் தேதி சென்னை நேரு விளையாட்டரங்கில், கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில், பிரதமர் 'டிடி தமிழ்' அலைவரிசையைத் தொடங்கிவைத்தார். டிடி பொதிகை என்ற பெயர் அன்றோடு முடிந்தது. எங்கள் பக்கம் அப்போது டிசம்பர் வெள்ளத்தின் வேலையே தீரவில்லை. தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் அறுந்த கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால் போன் அடித்தாலே சிக்னல் இல்லை என்ற புகாராகத்தான் இருக்கும். அதற்கு நடுவே வேறு மாதிரிப் புகார்களும் வர ஆரம்பித்தன. "ஏய்யா, பொதிகையைக் காணுமே, நிப்பாட்டிட்டியளா?" என்று ஒரு ஆச்சி கேட்டார். எண் மாறவில்லை, படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர் எண்ணைப் பார்த்து சேனல் வைப்பவர் இல்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, மூலையில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து நிறுத்துகிறவர். அந்த அடையாளம் இல்லை என்றதும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் தனியாக இருக்கும் ஒரு மாமி, திருவையாறு தியாகராஜர் ஆராதனையன்று காலையில் போன் செய்தார். பஞ்சரத்ன கீர்த்தனைகளை வருடா வருடம் பொதிகையில்தான் நேரலையாகப் பார்ப்பார். "இன்னும் கொஞ்ச நேரத்துல 'ஜகதானந்தகாரகா' ஆரம்பிச்சுடுவா, பொதிகை எங்கே போச்சுன்னு தெரியலை, யாரையாவது அனுப்பேன்" என்றார். நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ரிமோட்டில் சேனலை வைத்துக் கொடுத்து, "இதான் மாமி, பேரு மட்டும் மாத்திட்டாங்க" என்றேன். திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுக்கு மாத்தினா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டதால் அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

எதற்காக மாற்றினார்கள் என்பதற்கு நியாயமான பதில் எதுவும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தமிழ் என்று பெயர் இருந்தால் வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சட்டென்று புரியும் என்று சிலர் சொல்கிறார்கள். என் கடையில் வேலை பார்க்கும் கல்லூரிப் பையனே அப்படித்தான் சொன்னான். "அண்ணாச்சி, டிடி தமிழ்னா தேடினதும் வந்துரும்ல" என்றான். சரி, அந்த வசதி உண்மைதான். டிடி மலையாளம், டிடி பங்களா, டிடி பஞ்சாபி எல்லாம் மொழிப் பெயரோடுதான் இருக்கின்றன. ஆனால் மராத்தி அலைவரிசையின் பெயர் இன்றும் டிடி சஹ்யாத்ரிதான். குஜராத்திக்கு டிடி கிர்நார். ஆந்திரத்துக்கு டிடி சப்தகிரி, தெலங்கானாவுக்கு டிடி யாதகிரி. கன்னட அலைவரிசைக்கு டிடி சந்தனா. சஹ்யாத்ரி, கிர்நார், சப்தகிரி, யாதகிரி நான்கும் மலைப் பெயர்கள். சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர். அதே மலைத்தொடரின் தென்கோடியில் நிற்பதுதான் எங்கள் பொதிகை. மும்பைக்காரருக்கு அந்த மலையின் பெயரில் சேனல் இருப்பதில் குழப்பம் இல்லை, நமக்கு மட்டும் எப்படிக் குழப்பம் வந்தது?

இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் சேனல் பெயர் இல்லை. விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் பழைய சந்தாதாரர். அவர் வீட்டு மாடிப்படியில் நின்றால் பொதிகை மலை முழுசாகத் தெரியும். மழை நாளில் மேகம் இறங்கி மூடியிருக்கும், வெயில் அடித்ததும் மறுபடி நீலமாக எழுந்து நிற்கும். அந்தத் தண்ணீர்தான் பாபநாசம் அணைக்கு வருகிறது, அதைத்தான் குடிக்கிறோம், அதில்தான் நெல் விளைகிறது. சென்னையிலிருந்து வரும் அரசாங்க டிவிக்கு இந்த மலையின் பேரை வைத்தபோது அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தவன். யாராவது ஊருக்குப் புதிதாக வந்தால், "டிவியில வருதே பொதிகை, அது இதுதான்" என்று கைநீட்டிக் காட்டுவார். பெயர் மாறிய பிறகு சந்தா வாங்கப் போனபோது, "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களாய்யா?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை.

கேட்கவில்லை. அதுதான் என் முக்கியமான வருத்தம். தனியார் சேனல் வைத்திருப்பவர் நாளைக்கே பெயரை மாற்றலாம், அது அவர் சொத்து. விஜய் டிவி ஸ்டார் விஜய் ஆனபோது யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. தூர்தர்ஷன் அப்படி இல்லை. மக்கள் பணத்தில் நடப்பது. 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி தூர்தர்ஷன் அலைவரிசைகளை நாங்கள் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாலும் அவர் வீட்டுப் பெட்டியில் அது இருக்கும். அப்படிச் சட்டம் போட்டு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வருகிற சேனலுக்கு, அந்த வீடுகளைக் கேட்கும் கடமையும் உண்டு.

கேட்கத் தெரியாத நிறுவனமும் இல்லை அது. 2017-ல் தூர்தர்ஷனின் அந்தச் சுழலும் கண் இலச்சினையை மாற்ற நினைத்தபோது, பொதுமக்களே வரைந்து அனுப்பலாம் என்று போட்டி அறிவித்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் பரிசு வைத்தார்கள். ஒரு படத்துக்கு அப்படிக் கேட்டவர்கள், ஒரு மாநிலமே வாயில் வைத்துப் புழங்கிய பெயருக்கு ஏன் கேட்கவில்லை?

அதற்கும் முன்னால் போனால், சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எனக்கு முதலில் நினைவு வருவது 'எதிரொலி'. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து அதற்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. நிலைய இயக்குநரே கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வார். நாடகம் நன்றாக இல்லை என்று எழுதியிருப்பார்கள், போட்ட படத்தையே மறுபடி போடுகிறீர்கள் என்று திட்டியிருப்பார்கள், அதையும் படிப்பார்கள். ஒரு தபால் கார்டு போட்டால் நம் பெயரும் ஊரும் டிவியில் வரும் என்பதற்காகவே எழுதியவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. பார்க்கிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள அங்கே ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் ஊருக்குள் இருந்தது. அந்த நிகழ்ச்சி இன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் மாமியும் ஆச்சியும் விக்கிரமசிங்கபுரம் பெரியவரும் என்னிடம் கேட்டதை அங்கேயே கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயர் மாற்றத்தைக் குறை சொன்னால் உடனே, "ஏன், தமிழ் என்ற பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். டீக்கடையில் என்னிடமே கேட்டார்கள். வாயடைக்கிற கேள்விதான். தமிழ் வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் பொதிகை என்ற பெயரில் தமிழ் இல்லாமலா இருந்தது? அகத்தியர் இருந்த மலை, தென்றல் பிறக்கும் மலை என்று நம் புலவர்கள் பாடிப் பாடி வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே தமிழும் சேர்ந்து வரும். அதை எடுத்துவிட்டுத் தமிழ் என்று எழுதியதால் தமிழுக்கு என்ன கூடியது என்று எனக்குப் புரியவில்லை. அதே மத்திய அரசின் ரயில்வே, சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் என்ற பெயரில்தான் வண்டி விடுகிறது. அதில் ஏற யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

புதுப்பித்ததை நான் குறை சொல்லவில்லை. படம் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, அரங்கங்கள் பளிச்சென்று இருக்கின்றன. பொதிகை என்றாலே மங்கலான படம் என்று கேலி பேசியவர்கள்கூட இப்போது நிறுத்திப் பார்க்கிறார்கள். அதற்கு உழைத்த பொறியாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நன்றி. வீட்டுக்கு வெள்ளையடிப்பது வேறு, பட்டாவில் பெயரை மாற்றுவது வேறு. முதலாவதை எல்லாரும் வரவேற்றார்கள். இரண்டாவதுதான் மனசில் தங்கிவிட்டது.

எல்லாரும் கோபமாக இருக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் சந்தாதாரர்களில் பாதிப் பேர் பெயர் மாறியதையே கவனிக்கவில்லை, அவர்கள் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிறவர்கள். கவனித்தவர்கள் யார் என்று பாருங்கள். கச்சேரி கேட்கிறவர்கள், வேளாண்மை நிகழ்ச்சி பார்க்கிற விவசாயிகள், கத்தல் இல்லாத செய்தி வேண்டும் என்று இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். 1993-ல் சன் டிவி வந்து ஊரே அந்தப் பக்கம் திரும்பியபோதும் திரும்பாமல் இருந்தவர்கள். விளம்பரக்காரர்கள் கணக்கில் இவர்கள் இல்லை. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் டிஆர்பி பெட்டி எதுவும் இவர்கள் வீட்டில் வைக்கவில்லை. அந்தச் சேனலை உண்மையில் தங்களுடையது என்று நினைத்தவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயரை எடுத்தார்கள்.

ஆகவே பிரசார் பாரதிக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. 'டிடி தமிழ் பொதிகை' என்று வையுங்கள். வெளிநாட்டில் தேடுகிறவருக்குத் தமிழ் என்ற சொல்லும் கிடைக்கும், எங்கள் மலையும் இருக்கும். அது முடியாது என்றால், நேயர்களிடம் கேளுங்கள். கடிதம், போன், கைப்பேசிச் செய்தி எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் 'டிடி தமிழ்' போதும் என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம், 'எதிரொலி'யை மறுபடி தொடங்குங்கள். வாரம் அரை மணி நேரம் போதும். அது தொடங்கினால் கடிதம் எழுத முடியாத என் சந்தாதாரர்களுக்கு நானே எழுதித் தபாலில் போடுகிறேன்.

இப்படிக்கு,
கேபிள் டிவி ஆபரேட்டர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.