9 மீட்டருக்குள் மூன்று குடும்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதியைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஒருவர் விதியையே எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர், மாடி கட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லாரையும் கோயிலுக்கு எதிரிகள் என்கிறார். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து, 63 வருடமாக அதே வீட்டில் இருப்பவன் நான். இரண்டு பேச்சையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. காரைச் சுவர், தேக்குக் கட்டைகள்மேல் செங்கல் பாவிய தளம், நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. அகலம் 22 அடி, நீளம் 70 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொதுச்சுவர். பின்கட்டில் கட்டைகளைக் கரையான் அரித்துவிட்டது. ஐப்பசி மழைக்கு அங்கே யாரும் படுப்பதில்லை. நான், தம்பி, தங்கச்சி என்று மூன்று பேருக்கு அதில் பங்கு. விற்க யாருக்கும் மனசில்லை. பழையதை எடுத்துவிட்டு, கீழே வண்டி நிறுத்தம், மேலே ஆளுக்கு ஒரு தளம் என்று பேசி முடித்தோம்.

பொறியாளர் வந்து அளந்து பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். தளத்துக்குப் பத்தடி என்று வைத்தாலும் நாலு தளத்துக்கு 40 அடி ஆகிறது. 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி. தளத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்தால்கூட, வண்டி நிறுத்தத்தையும் சேர்த்து மூன்று தளம்தான் வரும். அப்படியானால் மூன்று பேரில் ஒருவருக்கு வீடு இல்லை. யாருக்கு என்ற கேள்வியை அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இவ்வளவு நேர்ந்த பிறகும் இந்த விதி இருக்க வேண்டும் என்றே சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றி வருவது நான்கு மாசி வீதிகளில். இந்த வீதிகள் கோயிலுக்கு வெளியே இருந்தாலும் கோயிலைச் சேர்ந்தவை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிந்த ஊர் இது. தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. பக்கத்தில் உள்ள வீடுகள் 30 அடிக்குள் அடங்கியிருக்கும்போதுதான் அந்த உயரத்துக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. சின்ன வயதில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து நாலு பெரிய கோபுரங்களும் தெரியும். இப்போது இரண்டுதான் தெரிகின்றன. மறைப்பவை எல்லாம் இந்த வட்டத்துக்குள்ளேயே விதியை மீறி எழுந்த கட்டடங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். விதியை மதித்தவன் ஒரு தளத்தை இழக்கிறான். மீறியவன் ஐந்து தளம் கட்டி, வாடகைக்கு விட்டு, நோட்டீஸ் வந்தால் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் இழுக்கிறான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இது பற்றிப் பொதுநல வழக்குகளே நடந்திருக்கின்றன. கட்டி முடித்த பிறகு சீல் வைக்கப் போவதைவிட, அஸ்திவாரம் போடும்போதும் ஒவ்வொரு தளம் ஏறும்போதும் ஒரு அதிகாரி நேரில் வந்து டேப் பிடித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை வராது. அனுமதி கேட்கிற எங்களுக்கும் தெளிவான பதில் வேண்டும். மாடிப்படிக்கு மேல் கட்டும் அறையும் தண்ணீர்த் தொட்டியும் அந்த 9 மீட்டரில் சேருமா சேராதா என்று இரண்டு இடங்களில் கேட்டேன். இரண்டு விதமாகச் சொன்னார்கள். எழுத்தில் தர இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டார்கள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் இதைவிட நன்றாக யோசித்திருக்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில்தான் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். சுவரை இடித்து மட்டம் செய்து கொடுப்பவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பது என்று வைத்ததால் ஜனங்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவை. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. விளக்குத்தூண் என்று நாங்கள் சொல்லும் பழைய விளக்குக் கம்பம்கூட பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான். கோட்டை போனது நல்லதா என்பது வேறு விஷயம். ஊருக்காக ஒன்றைச் செய்யச் சொன்னபோது, செய்தவர் கையில் பதிலுக்கு ஏதோ ஒன்று கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இன்று ஊருக்காக ஒரு தளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். பதிலுக்கு எங்கள் கையில் என்ன கொடுக்கிறோம்?

கொடுக்க வழி இல்லாமல் இல்லை. சாலைக்கு நிலம் விட்டுக்கொடுப்பவருக்கு, ஈடாக வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையை வளர்ச்சி உரிமைச் சான்றாகத் தரும் முறை தமிழ்நாட்டு விதிகளிலேயே உண்டு. மும்பையில் பாரம்பரியக் கட்டட விதிகளை 1995-ல் கொண்டு வந்தபோது, அதனால் கட்டும் உரிமையை இழக்கும் உரிமையாளர் அந்த உரிமையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடி கட்ட விடவில்லை என்று அதன் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அங்கே கட்ட முடியாததை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள உரிமையாளருக்கு வழி இருந்ததையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

மதுரையில் இதைச் செய்வது எப்படி? என் மனையில் கட்ட முடியாமல் போகிற பரப்பை, சதுர அடிக் கணக்கில் ஒரு சான்றிதழாகத் தரட்டும். ரிங் ரோடு பக்கம் அகலமான சாலையில் கட்டுகிறவர் அதை என்னிடம் விலைக்கு வாங்கி, அங்கே கூடுதலாகக் கட்டிக்கொள்ளட்டும். கோபுரமும் மறையாது, அரசுப் பணமும் செலவாகாது. அந்தத் தொகையை வைத்து எங்களில் ஒருவர் வேறு இடத்தில் ஒரு சின்ன வீடாவது வாங்கலாம்.

இதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது. வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். பத்தடிச் சந்தில் கார் நுழைவதே பெரும்பாடு. அங்கே ஒவ்வொரு வீட்டுக்குக் கீழும் ஒரு தளத்தை வண்டிக்கு ஒதுக்கச் சொல்வானேன்? மாசி வீதிகளுக்கு உட்பட்ட வீடுகளுக்கு அந்த நிறுத்தத்தில் மாத வாடகைக்கு இடம் கொடுத்து, வீட்டில் கார் நிறுத்தம் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்களின் சண்டை அந்த ஒரு வரியில் தீரும். அப்படியே இன்னும் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தம் கட்டலாம்.

அப்புறம், பேச்சு முழுவதும் உயரத்திலேயே நிற்பதும் சரியில்லை. 9 மீட்டருக்குள் கட்டிவிட்டு, முகப்பு முழுக்கக் கண்ணாடியும் அலுமினியப் பலகையும் ஒட்டி, அதன்மேல் இருபதடி விளம்பரப் பலகை வைத்தால் வீதி என்னவாகும்? திண்ணை விட்டு, மரச்சட்டம் வைத்த ஜன்னலோடு கட்டுகிறவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள். பழைய வீட்டை இடிக்காமல் பழுது பார்ப்பவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். 2020 தீபாவளியன்று அதிகாலை நவபத்கானா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் கட்டடம் இடிந்து இறந்தார்கள். பழையதை வைத்திரு என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைப் பலப்படுத்தப் பணத்துக்கு எங்கே போவான் என்று கேட்காமல் விட்டால் யார் தலையில் இடியும் என்பதை அன்று பார்த்துவிட்டோம். எங்கள் பின்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இருவர் ஞாபகம் வருகிறது.

வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் மதிலிலிருந்து 1 கிலோமீட்டர் என்பது வெளி வீதிகளையும் தாண்டிப் போகிறது. சித்திரை வீதிக்கும், வெளி வீதிக்கு அப்பால் அகலமான ரோட்டின் மேல் இருக்கிற மனைக்கும் ஒரே அளவு. மாசி வீதிகளுக்கு உள்ளே 9 மீட்டரில் ஓர் அங்குலம்கூடத் தளர்த்த வேண்டாம். எங்கள் வீடும் அதற்குள்தான் வருகிறது, தெரிந்தேதான் சொல்கிறேன். வெளி வீதிகளுக்கு அப்பால் மட்டும், எந்தத் தெருவிலிருந்து எந்தக் கோபுரம் தெரிகிறது என்று நேரில் நடந்து பார்த்து, பார்வை மறையாத இடத்தில் மேல்தளத்தை உள்ளே தள்ளிக் கட்ட அனுமதிப்பதை யோசிக்கலாம். அதை முடிவு செய்கிற கூட்டத்தில் வீட்டுக்காரர்களையும் கூப்பிட வேண்டும். வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்களையும் மறக்கக் கூடாது. வீட்டை இடிக்கும்போது முதலில் தெருவுக்கு வருவது அவர்கள்தான்.

போன மாதம் தங்கச்சி வந்திருந்தாள். விருதுநகரில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு இப்போதுதான் பணி ஓய்வு. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கங்க. எனக்குத் தேரன்னைக்கு வந்து தங்க ஒரு ரூம் போதும்" என்றாள். தம்பியும் நானும் அதற்கு ஒப்பவில்லை. கார் நிறுத்தம் இல்லாமல், தரைத்தளத்திலிருந்தே வீடாக, மூன்று தளம், மொத்தம் 29 அடிக்குள் வரைபடத்தை மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறோம். அப்படிக் கொடுத்தால் அனுமதி கிடைக்காது என்கிறார் பொறியாளர். பரவாயில்லை, கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மனு போகிறது. அதோடு உங்கள் கட்டுரையின் நகலையும், அச்சில் வந்தால் இந்தக் கடிதத்தையும் இணைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தெற்கு மாசி வீதி வாசகர்,
மதுரை.