வேளாண்மை டிப்ளமோ முடித்த கையோடு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வேளாண்மை மற்றும் பயிர் அறிவியல் டிப்ளமோ தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கும். ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. பெயரைப் போட்டால் கூச்சப்படுகிறவர்களே அதில் அதிகம். அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் மண் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணனுக்கு. கால அட்டவணையில் உங்கள் பெயர் எங்கேயும் கிடையாது. ஆனால் மண்ணியலில் பாதியை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான். மண் மாதிரி எடுப்பது பற்றிப் புத்தகத்தில் சில வரிகளோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் எங்களை வயலுக்கே கூட்டிப் போனீர்கள். வரப்போரம் வேண்டாம், மரத்தடி வேண்டாம், எரு குவித்திருந்த இடமும் அண்மையில் உரம் போட்ட இடமும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதேதான். எடுக்கும்போது தவறிப்போன மண்ணுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் சரியான பதில் சொல்ல முடியாது என்பதை நீங்கள் திட்டாமலேயே எங்களுக்குப் புரியவைத்தீர்கள். சரி, ஒன்றிரண்டு தடவை திட்டினீர்கள்.

மண்ணின் நயத்தை விரலால் அறியக் கற்றதும் உங்களிடம்தான். களித்துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பட்டையாக இழுத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். மணல் நறநறக்கும், வண்டல் மாவு போல வழுக்கும், களி ஒட்டிக்கொண்டு நீளமாக வரும். இன்றைக்கும் புதிதாக ஒரு நிலத்தில் கால் வைத்தால் என் கை தானாகக் கீழே போகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அடுத்து, தன் நிலக்கடலை வயலுக்குள் வருடந்தோறும் ஒரு மாணவர் கூட்டத்தை இறங்கவிடும் விவசாயி அம்மாவுக்கு. பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்கிப் பாருங்கள் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? பிடுங்கியது எங்கள் கை, நட்டம் உங்களுக்கு. அன்று வேர் முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குப் போகிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு அது உறவு.

அதே வயலில்தான் நீங்கள் எங்களை ஒரு கேள்வியால் மடக்கினீர்கள். செடி மஞ்சளாகிறது என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, “மேல் இலையா, கீழ் இலையா?” என்று கேட்டீர்கள். பயிர் வினையியல் ஆசிரியை அதை வைத்தே அந்த வாரப் பாடம் முழுவதையும் நடத்தினார். தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் மஞ்சள் கீழிலிருந்து தொடங்கும். இரும்பு அப்படி எளிதில் நகராது, அதனால் கொழுந்து முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் வயலில் வெளுத்தது கொழுந்துதான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறியதால் வேருக்கு அது எட்டவில்லை என்று ஆய்வில் தெரிந்தது. உங்களிடம் வந்து அதைச் சொன்னபோது, “அப்போ மேலே தெளிக்கணும், அவ்வளவுதானே?” என்றீர்கள். அவ்வளவுதான் அம்மா. அன்னபேதி உப்புக் (இரும்பு சல்பேட்) கரைசலை இலைவழியாகக் கொடுப்பதைத்தான் நாங்கள் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தோம்.

உழவியல் ஆசிரியருக்கு ஒரு கணக்குக்காக நன்றி. எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்தும் 50 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பரிந்துரை என்றால் டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் எவ்வளவு, யூரியா எவ்வளவு? டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவீதம், அதனால் 109 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அதனால் நூறு கிலோ தழைச்சத்துக்கு யூரியா 217 கிலோ என்று யாராவது பெருமையாகச் சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு, டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறதே, அதை எங்கே விட்டீர்கள் என்று கேட்பார். 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான அதைக் கழித்தால் யூரியா 175 கிலோ போதும். மீதி 42 கிலோ யார் காசு என்று அவர் கேட்டதற்கு வகுப்பில் பதில் வரவில்லை.

புள்ளியியல் எடுத்தவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். இந்தப் பாடத்தைப் பாடத்திட்டத்தின் வாலில் தள்ளியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, முதலிலேயே வைத்திருக்க வேண்டும். நீங்கள் சூத்திரத்தில் தொடங்காமல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் கதையில் தொடங்கினீர்கள். அங்கே பிராட்பால்க் கோதுமை வயலில் 1843-இல் ஆரம்பித்த பரிசோதனை இன்றும் நடக்கிறது என்பதும், 1919-இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளோடு மல்லுக்கட்டித்தான் இன்றைய வயல் பரிசோதனை முறைகளுக்கு அடித்தளம் போட்டார் என்பதும் தெரிந்தபின் அந்தப் பாடம் பயமுறுத்தவில்லை. அப்புறம் எங்களைப் பரிசோதனைத் திடலுக்குக் கூட்டிப் போய், வளம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே தொகுதிகளைப் பிரிக்கச் சொன்னீர்கள். ஓர வரிசைச் செடிகளுக்கு வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவற்றை விட்டுவிட்டு அறுக்க வேண்டும் என்றீர்கள். ‘இந்த மருந்து அடித்தேன், அமோக விளைச்சல்’ என்று இப்போது யார் சொன்னாலும், பக்கத்தில் அடிக்காத பாத்தி ஒன்று விட்டீர்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இதனால் நண்பர்கள் குறைந்தால் பொறுப்பு உங்களுடையது.

பூச்சிப் பெட்டி தயாரித்தபோது கூட உட்கார்ந்த வகுப்புத் தோழிக்கு: வண்டுக்கு ஊசியை வலது மேல்சிறகில்தான் குத்த வேண்டும் என்று எனக்கு எத்தனை முறை சொன்னாயோ! பொறிவண்டின் புழுவை எனக்கு அடையாளம் காட்டியதும் நீதான். கறுப்பாக, முள்ளு முள்ளாக இருக்கும் அதைப் பார்த்தால் நசுக்கத்தான் கை போகும். ஆனால் பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான்.

நூலகர், பேருந்து ஓட்டுநர், பழைய வினாத்தாள்களைத் தேடிக் கொடுத்த சீனியர்கள் எல்லோருக்கும் நன்றி.

வீட்டில் உள்ளவர்களுக்கும்தான். முளைப்புத்திறன் சோதனைக்காக ஈரத்தாளில் சுருட்டிய நானூறு விதைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, முளைத்ததையெல்லாம் எண்ணக்கூடாது, இயல்பான நாற்றை மட்டும்தான் எண்ண வேண்டும் என்று வகுப்பெடுத்த ஆளைச் சகித்துக்கொண்டீர்கள். அலமாரித் தட்டில் உலரும் மண்ணைக் குப்பை என்று நினைத்துக் கொட்டிவிடாமல் இருந்ததற்குச் சிறப்பு நன்றி.

கடைசியாக, அடுத்து வரும் மாணவர்களுக்கு ஒரு தகவல். என் ரெக்கார்டு நோட்டுகள் எல்லாவற்றையும் மண் ஆய்வுக்கூட அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். உரக் கணக்கும் புள்ளியியலும் நம்பிப் படிக்கலாம். பூச்சிப் படங்களை மட்டும் பார்த்து வரையாதீர்கள், வயலுக்குப் போய் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பழைய மாணவன்