பப்ளிக் ஐபி உண்டா, இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கேமரா மாட்டிக் கொடுப்பவன் நான். இங்கே தொழில் செய்பவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் அங்கிருந்தபடியே போனில் கடையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசைதான்.

கேமரா கம்பெனியின் சர்வர் வழியாகப் படம் காட்டும் கிளவுட் ஆப் பிடிக்காதவர்களுக்குப் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருவதை ரவுட்டரே கடைக் கருவிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு, செய்து கொடுக்கிறேன். இதற்கு இன்டர்நெட் இணைப்புக்குப் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராகப் பிடிக்கக்கூடிய முகவரி எண், வேண்டும். கடைக்குள் கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிக்கு 192.168.1.64 மாதிரி உள் முகவரிதான் இருக்கும். வெளியாட்கள் அதை நேராகப் பிடிக்க முடியாது. 8000ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்த எண் வாசலுக்கு, வருவதை இந்த டிவிஆருக்குத் தள்ளு என்று ரவுட்டரில் எழுதிவைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் அந்த ரவுட்டருக்கே வெளி முகவரி இல்லையென்றால்? சென்ற மாதம் ஒரு தோல் பைப் பட்டறையில் அதுதான் நடந்தது. கனெக்‌ஷன் கொடுக்க வந்த இன்டர்நெட் கம்பெனிப் பையன், கேமரா எல்லாம் ஜோராக ஓடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முதலாளி வள்ளியூரிலிருந்து போன் போட்டு, "என்னடே, ஒண்ணுமே தெரியலியே" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ரவுட்டரில் வெளி இணைப்பைக் காட்டும் வான் (WAN) பக்கத்தைத் திறந்தால் 100.72 என்று தொடங்கும் எண். 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைப்பதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டவை. ரவுட்டரில் என்ன எழுதினாலும், வெளியிலிருந்து வருவது இன்டர்நெட் கம்பெனியின் கருவியோடு நின்றுவிடும். ஹெல்ப்லைனில் கேட்டால் "ரவுட்டர் பந்த் கர்கே சாலூ கரோ" (ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்) என்கிறார்கள். கடைசியில் ஒருவர்தான், மாதாமாதம் தனியாகப் பணம் கட்டினால் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பப்ளிக் ஐபி, தருவோம் என்று வாயைத் திறந்தார்.

முகவரித் தட்டுப்பாடு எனக்கும் தெரியும். ஐபிவி4 என்ற பழைய முறை முகவரி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கு 2011 ஏப்ரலிலிருந்தே அளந்துதான் கொடுக்கிறார்கள். பகிர்ந்து கொடுப்பதில் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

(போர்ட்டைத் திறந்தாலும் பாஸ்வேர்டை மாற்றாமல் நான் இடத்தை விட்டு நகர்வதில்லை. 2016இல் மிராய் வைரஸ் புகுந்தது இப்படிக் கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான். "123456 போதும்ணே" என்பவர்களிடம் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.)

இன்டர்நெட் கம்பெனிகளே, இணைப்புக்கான விண்ணப்பத்திலேயே பப்ளிக் ஐபி உண்டா, இல்லையென்றால் தனியாக எவ்வளவு என்று ஒரு வரி அச்சடித்துவிடலாம். அதுவரை, இதைக் கேட்டதும் புரிந்துகொள்ளும் ஒரு ஆளையாவது ஹெல்ப்லைனில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை - 17