பொறுப்பு ஒப்படைப்பை ஒரே மாலையில் முடிக்காதீர்கள்

மதுரை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

முப்பது ஆண்டுக்கு மேல் பணிபுரிந்த ஒரு தலைமையாசிரியர் ஓய்வுபெறும் நாளில் என்ன நடக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. மாலை நான்கு மணிக்குப் பாராட்டு விழா, சால்வை, மோதிரம், குரூப் போட்டோ. கூட்டம் கலையும் நேரத்தில், மேசை ஓரத்தில் வைத்து, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இரண்டு கையெழுத்து. 'பதிவேடுகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன' என்று ஒரு வரி. இருப்புப் பதிவேட்டில் உள்ள பெஞ்சுகளை எண்ணிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. புதியவர் கலந்தாய்வு முடிந்துதான் வருவார். அதுவரை மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பு பார்ப்பார். பல இடங்களில் சம்பளம் பெற்று வழங்கும் அதிகாரம் மட்டும் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்விடும்.

அந்த ஒரு மாலையை, ஓய்வுக்கு முந்தைய மூன்று மாதமாக்கித் தாருங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களான எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

தலைமையாசிரியர் வேலை என்றால் காலை வழிபாடு, தேர்ச்சி விகிதம், ஆய்வுக்கு வரும் அதிகாரி என்றே வெளியில் நினைக்கிறார்கள். அனுபவசாலி ஒருவர் உண்மையில் காத்து வருவது சேர்க்கைப் பதிவேட்டை. உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனி வேலைக்கு வெளிமாநிலத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பிள்ளை ஏழாம் வகுப்புப் பாதியில் போகும், ஒன்பதில் திரும்பி வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், கல்லூரிப் படிப்புக்குப் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாயும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி எங்கே விட்டது என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் தேடினால் கிடைக்காது. சேர்க்கும் அன்றைக்கே, "ஆறாவது எங்கேப்பா, ஏழாவது எங்கே?" என்று ஒவ்வொரு வகுப்பாகக் கேட்டு, மாற்றுச் சான்றிதழை ஒட்டி, குறிப்புக் கலத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்படும் இலவச இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் 7.5 விழுக்காட்டில் இடமுண்டு. 2020 சட்டத்திலேயே இருக்கிறது. இது தெரியாமல், 'தனியாரில் படித்தவர்' என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. அந்த இடத்தில் படித்ததற்கான சான்றை ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போதே தனியார் பள்ளியிலிருந்து வாங்கிக்கொள்வது நல்லது. நாலு வருடம் கழித்துப் போனால் அங்கே ஆளும் மாறியிருக்கும், கோப்பும் கிடைக்காது.

அடுத்தது எமிஸ், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து விவரம் பதியும் கல்வித் துறையின் இணையதளம். பழைய பள்ளி பிள்ளையின் எண்ணை அதிலுள்ள பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். கட்டணப் பாக்கியைக் காட்டி விடுவிக்காமல் இழுத்தடிப்பதும் நடக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணப் பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல மாற்றுச் சான்றிதழ் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லிவிட்டது. விவரம் தெரிந்தவர் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, ஜூன் மாதமே அலுவலகத்துக்கு எழுதி எண்ணை விடுவிக்கச் செய்வார். பொறுப்பில் இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார். ஆகஸ்ட் 1 கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளை வராது. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில், ஒன்றிரண்டு பேர் விடுபட்டாலே ஓர் ஆசிரியர் பணியிடம் தேவைக்கு அதிகம் என்று உபரிப் பட்டியலுக்குப் போகக்கூடும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலும் அப்படித்தான். அப்பா பெயர் செல்வம் என்றால் தமிழில் 'செ', ஆங்கிலத்தில் 'எஸ்'. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் நிற்கும். சாதிச் சான்றில் வேறு மாதிரி. தேறிய தலைமையாசிரியர் பட்டியலை அச்செடுத்து, பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டு (குடும்ப அட்டையோடு அல்ல, அதில் பிறந்த தேதி பலநேரம் உத்தேசமாக இருக்கும்), வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பெற்றோர் கையெழுத்து வாங்கிய பிறகே பதிவேற்றுவார். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் ஒரு எழுத்தைத் திருத்தத் தேர்வுத் துறை வரை போக வேண்டும். பிறந்த தேதி என்றால் அது சுலபத்தில் தீராது.

ஆசிரியர்களின் பணிப்பதிவேடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பட்டச் சான்று உண்மையானதுதான் என்ற உறுதிக் கடிதம் வராமல் இருப்பது, உயர்கல்விக்கு முன் அனுமதி வாங்காதது, பத்து ஆண்டில் கிடைக்கும் தேர்வுநிலை, இருபது ஆண்டில் கிடைக்கும் சிறப்புநிலை ஊதிய உயர்வுகளுக்குப் பதிவு விடுபடுவது, ஈட்டிய விடுப்புக் கணக்கு முரண்படுவது: ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கருத்துரு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். இவற்றில் எது யாருக்கு நிலுவை என்பது பழைய தலைமையாசிரியர் மனத்தில்தான் இருக்கிறது, தாளில் இல்லை.

ஆகவே ஓய்வுபெறப் போகிறவர் முதல் மாதத்தில் பணிப்பதிவேடுகளையும் தணிக்கை ஆட்சேபணைகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என்ன நிலுவை, யாரிடம் கேட்டிருக்கிறோம்' என்று எழுதட்டும். இரண்டாம் மாதம் சேர்க்கைப் பதிவேட்டையும் இருப்பையும் பொறுப்பேற்கப் போகிற ஆசிரியரோடு உட்கார்ந்து சரிபார்க்கட்டும். மூன்றாம் மாதம் நாற்காலியில் அந்த ஆசிரியர் இருக்கட்டும், மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். கூடவே ஒரு நோட்டு: ஐப்பசி மழைக்கு எந்த வகுப்பறை ஒழுகும், கண்மாய் நிறைந்தால் எந்த ஊர்ப் பிள்ளைகள் சுற்றி வர வேண்டும், தை 3-இல் அலங்காநல்லூர் சல்லிக்கட்டு முடிந்து எத்தனை நாளில் வருகை பழையபடி ஆகும். அந்த நாட்களில் திருப்புதல் தேர்வு வைப்பது யாருக்கும் பயனில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர் வைப்பார்.

கடவுச்சொற்களைக் கடைசி நாளுக்கு விடவே கூடாது. எமிஸ், சம்பளப் பட்டியல் போடும் களஞ்சியம், வங்கி எல்லாவற்றுக்கும் ஓடிபி ஓய்வுபெற்றவரின் சொந்தக் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். பள்ளிக்கென்று ஒரு எண் வாங்கி, மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே மாற்றிவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் கையொப்பம் மாற்றக் குழுத் தீர்மானம், புதியவரின் நியமன ஆணை, ஆதார், பான் என்று வங்கி கேட்கும். பிப்ரவரியில் ஓய்வுபெற்று, மார்ச்சில் கையொப்பம் மாறாமல் கிடந்தால், 31-ஆம் தேதிக்குள் செலவழிக்க வேண்டிய நிதி திரும்பிப் போய்விடும்.

ஓய்வுபெற்றவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லக்கூடும். இப்போது நடப்பதும் அதுதான். ஆனால் அது ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி நடக்கிற காரியம், நிர்வாக ஏற்பாடு ஆகாது.

புதிய பணியிடமோ நிதியோ இதற்குத் தேவையில்லை. தங்கள் செயல்முறைக் கடிதம் ஒன்று போதும். இந்தக் கல்வியாண்டில் ஓய்வுபெறுவோர் பட்டியல் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் முதலில் உள்ள பெயரிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர்
மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி