பனீர் இரண்டே நாளில் ஏன் புளிக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏற ஏற நம் கடைக்கு ஒரே புகார்தான் வருகிறது: "திங்கக்கிழமை வாங்கின பனீர் புதன்கிழமை புளிச்சுப்போச்சு." போன வாரம் ஒரு அம்மா மிச்சத்தை டப்பாவோடு கொண்டுவந்துவிட்டார். மூடியைத் திறந்ததுமே புளித்த மோர் வாடை. தொட்டால் நறுக்கின வெண்டைக்காய் மாதிரி வழுவழுப்பு. தவறு எங்களுடையதோ என்று, அன்றைய பனீரில் எடுத்துவைத்திருந்த துண்டைப் பிரித்துப் பார்த்தோம். அது நன்றாகவே இருந்தது. பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது: டப்பா இருந்த இடம் ஃப்ரிட்ஜ் கதவு.

திறக்கும்போதெல்லாம் சமையலறைச் சூடு முதலில் படுவது கதவில்தான். பனீருக்கு 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். இட்லி மாவுக்கும் வெட்டின பலாப்பழத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். பனீர் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

பாலைக் கிட்டத்தட்ட 90 டிகிரிவரை காய்ச்சித்தான் திரிக்கிறோம். அந்தச் சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பனீரில் ஏறக்குறையப் பாதி தண்ணீர், உப்பு கிடையாது. ஈரக்கையோ, வெங்காயம் நறுக்கின கத்தியோ பட்டால் போதும், கிருமிகள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். அதனால் வேண்டியதை மட்டும் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுக மூழ்கவைத்து மூடுங்கள். எவர்சில்வர் டப்பாவே போதும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான். காலையில் பால் காய்ச்சும்போதே இதையும் முடித்துவிடுங்கள். இப்படி வைத்தாலும் மூன்று நாளைக்குள் சமைத்துவிடுவது நல்லது.

மொசரெல்லா சீஸ் உருண்டை வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது. பாக்கெட்டில் உள்ள நீரிலேயே அது கிடக்கட்டும். வெறும் தண்ணீருக்கு மாற்றினால் உப்பு இறங்கி, மேல்பக்கம் கொழகொழத்துவிடும். பிரித்தபின் இரண்டு நாள்தான்.

ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கெட்டுப்போகாது, ஆனால் உள்ளிருக்கும் நீர் உறைந்து கட்டமைப்பைக் கிழித்துவிடுவதால், எடுத்து வெட்டும்போது உதிரும். பட்டர் மசாலாவுக்கு ஆகாது, பொடிமாஸுக்குத் தாராளமாக ஆகும்.

பூசணம் பிடித்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கிறவர்கள் உண்டு. கெட்டியான சீஸ் கட்டிக்கு அது சரி. பனீர் ஈரப்பதம் உள்ள மெது பண்டம்; கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். வழுவழுப்பைக் கழுவிவிட்டுக் குழம்பில் போடுவதும் வேண்டாம். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அரைக் கிலோ வாங்கி மிச்சம் வைப்பதைவிட 200 கிராம் வாங்குங்கள். எங்களுக்கு விற்பனை கொஞ்சம் குறையும், சரி, பரவாயில்லை. வெகுதூரம் போகிறவர்கள் மூடிபோட்ட பாத்திரம் கொண்டுவந்தால், சுற்றி ஐஸ் வைத்துத் தருகிறோம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பால் கடையினர்